பின்னணிக் கதிர்வீச்சில் பதியும் வேகம்: அண்டக் கட்டமைப்புகளின் இயக்க அளவீடும் எலக்ட்ரான் எண்ணிக்கைச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

விண்மீன்திரள்களும் அவற்றின் கொத்துகளும் அண்ட விரிவோடு விலகிச் செல்வதுடன், தத்தம் சுற்றுப்புற ஈர்ப்பினால் தனியானதோர் இயக்கத்தையும் பெற்றுள்ளன. இவ்வியக்கத்தை அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சின் துணைகொண்டு அளக்கும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. சூரியனின் இயக்கத்தைக் காட்டும் இருமுனை வேறுபாடு, தொலைவிலுள்ள கொத்துகளின் இயக்கத்தைக் காட்டும் இயக்கச் சுன்யாயேவ்–செல்டோவிச் விளைவு ஆகிய இரண்டும் ஒப்புநோக்கப்படுகின்றன. இரண்டாம் முறையில் அளவிடப்படுவது வேகம் மட்டுமன்று. வேகமும் எலக்ட்ரான் எண்ணிக்கையும் சேர்ந்த பெருக்கற்பலனே என்பதும், இத்துறையின் பிழையான முடிவுகளும் பயனுள்ள முடிவுகளும் அப்பெருக்கற்பலனைப் பிரிக்கும் முயற்சியோடு தொடர்புடையவை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்

அண்ட நுண்ணலைப் பின்னணி, இருமுனை வேறுபாடு, சுன்யாயேவ்–செல்டோவிச் விளைவு, ஒளியியல் ஆழம், தனி இயக்கம், திரள்கொத்து.

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூர்–தருமபுரி இரயில் பாதையில் அமைந்துள்ள ஊர் ராயக்கோட்டை. அங்குள்ள கோட்டைக் குன்றின்மீது அசையாமல் நிற்கும் ஒருவர் எவ்வளவு வேகத்தில் செல்கிறார் என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. புவியின் மையத்தை நோக்கக் கணக்கிட்டால், ஏறத்தாழ 12.5 பாகை வட அகலாங்கில் அமைந்த அவ்வூர், புவியின் தற்சுழற்சியால் வினாடிக்குச் சுமார் 454 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் செல்கிறது. சூரியனை நோக்கக் கணக்கிட்டால் புவியோடு சேர்ந்து வினாடிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் செல்கிறது. பால்வழி மண்டலத்தின் மையத்தை நோக்கக் கணக்கிட்டால் சூரியனோடு சேர்ந்து வினாடிக்கு 200 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் செல்கிறது.

இவ்வரிசை பால்வழி மண்டலத்தோடு முடிவதில்லை. பால்வழியும் ஆண்ட்ரோமீடாவும் அடங்கிய உள்ளூர்க் குழு, அதற்கப்பால் உள்ள கொத்துகள், பெருங்கொத்துகள் என ஒவ்வொன்றும் அடுத்த ஒன்றை நோக்க இயங்குகிறது. வேகம் என்பது எப்போதும் ஒன்றைச் சார்ந்தே சொல்லப்படுவது. ஆகவே, அண்டக் கட்டமைப்புகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு சட்டகம் வேண்டும். அத்தகைய சட்டகத்தை அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு தருகிறது. அக்கதிர்வீச்சிலிருந்து வேகம் எவ்வாறு பிரித்தெடுக்கப்படுகிறது, அவ்வாறு பெறப்பட்ட எண்ணை எந்த அளவுக்கு வேகம் எனக் கொள்ளலாம் என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணிக் கதிர்வீச்சு என்னும் பொதுச் சட்டகம்

அண்டம் தோன்றிச் சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்து, எலக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு இணைந்து நடுநிலை அணுக்கள் உருவாயின. அதுவரை எலக்ட்ரான்களில் மோதிச் சிதறிக்கொண்டிருந்த ஒளி தடையின்றிப் பரவத் தொடங்கியது. அண்டம் விரிய விரிய அவ்வொளியின் அலைநீளமும் நீண்டு, இன்று நுண்ணலையாக வந்து சேர்கிறது. 1965-இல் ஆர்னோ பென்சியாசும் இராபர்ட் வில்சனும் இதன் கண்டுபிடிப்பை வெளியிட்டனர். 1989-இல் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோள், இக்கதிர்வீச்சின் நிறமாலை கரும்பொருள் கதிர்வீச்சின் நிறமாலையோடு மிகத் துல்லியமாகப் பொருந்துவதைக் காட்டியது. அதன் வெப்பநிலை 2.7255 கெல்வின். அண்டவெளியின் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் இத்தகைய ஃபோட்டான்கள் சுமார் 411 உள்ளன.

இக்கதிர்வீச்சினூடே இயங்கும் ஒருவருக்கு, டாப்ளர் விளைவின்படி, செல்லும் திசையில் வானம் சற்றே வெப்பமாகவும் எதிர்த்திசையில் சற்றே குளிர்ச்சியாகவும் தோன்றும். வெப்பநிலையில் ஏற்படும் விகித மாற்றம், வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்துக் கிடைக்கும் ஈவுக்குச் சமம். வானத்தின் ஒரு பாதியில் மிகுந்தும் மறுபாதியில் குறைந்தும் காணப்படுவதால் இது இருமுனை வேறுபாடு எனப்படுகிறது. 1977-இல் ஜார்ஜ் ஸ்மூட், மார்க் கோரன்ஸ்டைன், ரிச்சர்ட் முல்லர் ஆகியோர் உயரப் பறக்கும் யூ-2 விமானத்தில் கருவியை ஏற்றி இதனை அளந்து, வேகம் வினாடிக்குச் சுமார் 390 கி.மீ. என அறிவித்தனர். பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 முடிவுகளின்படி இருமுனை வேறுபாட்டின் அளவு 3.36 மில்லிகெல்வின், சூரியனின் வேகம் வினாடிக்கு 369.8 கி.மீ.

இயக்கத்தின் திசை சிம்ம விண்மீன்களுக்குச் சற்றுத் தெற்கே, வான நடுவரையிலிருந்து ஏறத்தாழ 7 பாகை தெற்கில் உள்ளது. ஏப்ரல் மாத இறுதியில் இரவு 9 மணிக்குப் பின் ராயக்கோட்டையில் தெற்கு நோக்கி நிற்பவருக்கு, அப்புள்ளி அடிவானிலிருந்து சுமார் 70 பாகை உயரத்தில் அமையும். சூரியக் குடும்பம் முழுவதும் அத்திசையிலேயே சென்றுகொண்டிருக்கிறது. சூரியன் பால்வழி மண்டலத்தைச் சுற்றிவரும் திசை பெரும்பாலும் இதற்கு எதிராக அமைந்திருப்பதால், அதனைக் கழித்துப் பார்க்கும்போது உள்ளூர்க் குழுவின் வேகம் குறையாமல் கூடுகிறது; அது வினாடிக்குச் சுமார் 620 கி.மீ.

இம்முறையின் நம்பகத்தன்மைக்குப் புவியின் ஆண்டு இயக்கம் உரைகல்லாக உள்ளது. புவி சூரியனைச் சுற்றும் வேகம் பின்னணிக் கதிர்வீச்சைச் சாராமல் துல்லியமாக அறியப்பட்டது. அவ்வேகத்தால் ஆண்டு முழுவதும் 0.27 மில்லிகெல்வின் அளவுக்கு ஏறி இறங்கும் மாற்றம் தோன்ற வேண்டும். கோபி, பிளாங்க் முதலிய செயற்கைக்கோள்களின் கருவிகள் இம்மாற்றத்தைக் கொண்டே அளவுதிருத்தம் செய்யப்பட்டன. தெரிந்த வேகத்தால் கருவியைத் திருத்தி, தெரியாத வேகத்தை அளக்கும் முறை இது.

எனினும் இங்கும் ஒரு கேள்வி உண்டு. இருமுனை வேறுபாடு முழுவதும் நமது இயக்கத்தால் விளைந்ததுதானா? இயக்கம் வேறு சுவடுகளையும் விட வேண்டும். பின்னணிக் கதிர்வீச்சின் சிறு ஏற்றத்தாழ்வுகள் செல்லும் திசையில் நெருங்கியும் எதிர்த்திசையில் அகன்றும் தோன்ற வேண்டும். பிளாங்க் குழுவினர் இதனைத் தேடி, வினாடிக்கு 384 கி.மீ. என்னும் வேகத்தைப் பெற்றனர்; பிழை எல்லை பெரிதாயினும் இருமுனை முடிவோடு இது ஒத்துப்போகிறது. தொலைவிலுள்ள மூலங்களை எண்ணும் வழி வேறு விடை தருகிறது. இயங்கும் நோக்கருக்குச் செல்லும் திசையில் கூடுதலான மூலங்கள் தென்படும். அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அசோக் சிங்கல் 2011-இல் ரேடியோ மூலங்களின் பட்டியலை இவ்வகையில் ஆராய்ந்து, வினாடிக்குச் சுமார் 1,600 கி.மீ. என்னும் வேகத்தை முன்வைத்தார். திசை ஒத்திருந்தது, அளவு நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. 2021-இல் நேதன் செக்ரெஸ்ட் குழுவினர் சுமார் 13.6 இலட்சம் குவேசார்களை எண்ணி, எதிர்பார்த்ததைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாட்டைக் கண்டனர். பட்டியல்களில் உள்ள முறைசார் பிழைகளா, அண்டம் எல்லாத் திசையிலும் ஒரே தன்மையது என்னும் அடிப்படைக் கொள்கையின் குறையா என்னும் விவாதம் தொடர்கிறது.

செம்பெயர்ச்சி மட்டும் போதாமை

நமது வேகத்தை நம்மைச் சூழ்ந்த வானத்தைக் கொண்டு அறியலாம். தொலைவிலுள்ள கொத்தின் வேகத்தை அறிய அதன் செம்பெயர்ச்சி போதுமானதாகத் தோன்றலாம். ஆனால் செம்பெயர்ச்சியில் அண்ட விரிவால் விளையும் பகுதியும் கொத்தின் தனி இயக்கத்தால் விளையும் பகுதியும் கலந்துள்ளன. அவற்றைப் பிரிக்க, செம்பெயர்ச்சியைச் சாராத வேறு வழியில் தொலைவை அறிய வேண்டும்.

இங்குப் பிழை பெருகுகிறது. நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஒரு திரளின் விரிவு வேகம் வினாடிக்கு 20,000 கி.மீ.க்கும் சற்று மேல். தொலைவில் 10 விழுக்காடு பிழை நேர்ந்தால், வேகத்தில் 2,000 கி.மீ. பிழை நேரும். கொத்துகளின் தனி இயக்கமோ வினாடிக்குச் சில நூறு கி.மீ. அளவினது. அளக்க வேண்டியதைப் போல் பிழை பல மடங்கு பெரிதாகிறது. தொலைவு கூடக் கூட இந்நிலை மோசமாகும். எனவே, தொலைவை அறியாமலே தனி இயக்கத்தைக் காட்டும் முறை ஒன்று தேவைப்பட்டது.

சுன்யாயேவ்–செல்டோவிச் விளைவு

திரள்கொத்துகளின் இடைவெளி வெற்றிடமன்று. விண்மீன்கள் அனைத்தின் நிறையையும் விஞ்சும் நிறையுள்ள வளிமம் அங்கு நிரம்பியுள்ளது. ஒரு கோடி முதல் பத்துக் கோடி கெல்வின் வரை வெப்பமுள்ள அவ்வளிமத்தில் எலக்ட்ரான்கள் அணுவிலிருந்து விடுபட்டுள்ளன. கொத்தின் ஊடாக வரும் பின்னணிக் கதிர்வீச்சின் ஃபோட்டான்களில் ஒரு சிறு பகுதி அவ்வெலக்ட்ரான்களில் மோதித் திசை மாறுகிறது. இதுவே தாம்சன் சிதறல். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், விண்மீன்களின் வளிமண்டலத்தில் இச்சிதறல் ஒளியை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கான கணித அடித்தளத்தை 1950-இல் வெளிவந்த கதிர்வீச்சுப் பெயர்ச்சி பற்றிய தம் நூலில் வகுத்தளித்தார். விண்மீனின் மேற்பரப்பில் நிகழ்வதும் கொத்தின் வளிமத்தில் நிகழ்வதும் ஒரே சிதறலே. அடர்த்தி மட்டுமே வேறுபடுகிறது.

சோவியத் அறிவியலாளர்களான இரஷீத் சுன்யாயேவும் யாக்கோவ் செல்டோவிச்சும் 1970-களின் தொடக்கத்தில், இச்சிதறல் பின்னணிக் கதிர்வீச்சில் இரு வகைச் சுவடுகளை விட்டுச்செல்லும் எனக் காட்டினர். 1980-இல் வெளியிட்ட கட்டுரையில், கொத்துகளின் வேகத்தை இவ்வழியில் அளக்க இயலும் என்பதை விரித்துரைத்தனர்.

முதலாவது வெப்ப விளைவு. சூடான எலக்ட்ரான்கள் ஃபோட்டான்களுக்கு ஆற்றல் அளிப்பதால், குறைந்த அதிர்வெண்ணில் ஒளி குறைந்தும் உயர் அதிர்வெண்ணில் ஒளி மிகுந்தும் காணப்படும். இடையில் சுமார் 217 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மாற்றம் சுழியாகும். பெருங்கொத்துகளில் இவ்விளைவு சில நூறு மைக்ரோகெல்வின் அளவுக்கு அமையும்.

இரண்டாவது இயக்க விளைவு. எலக்ட்ரான்கள் அனைத்தும் கொத்தோடு சேர்ந்து நம்மை நோக்கி வந்தால், சிதறிய ஒளி டாப்ளர் விளைவால் சற்று வெப்பமாகும். விலகிச் சென்றால் சற்றுக் குளிரும். வெப்பநிலையின் விகித மாற்றம் இரு காரணிகளின் பெருக்கற்பலன்: ஒன்று, கொத்தின் பார்வைக்கோட்டு வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்த ஈவு; மற்றொன்று, ஒளியியல் ஆழம், அதாவது ஒரு ஃபோட்டான் சிதறுவதற்கான வாய்ப்பு. ஒளியியல் ஆழம் பார்வைக்கோட்டில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

எண்களால் இதனை உணரலாம். ஒரு லிட்டர் கன அளவுக்கு ஓர் எலக்ட்ரான் வீதம் 32.6 இலட்சம் ஒளியாண்டு நீளத்திற்கு வளிமம் பரவியிருந்தால், ஆயிரம் ஃபோட்டான்களில் ஏறத்தாழ இரண்டு மட்டுமே சிதறும். அவ்வளிமம் வினாடிக்கு 300 கி.மீ. வேகத்தில் சென்றால் வெப்பநிலை மாற்றம் சுமார் 5 மைக்ரோகெல்வின். நூற்றில் ஒரு ஃபோட்டான் சிதறும் பெருங்கொத்தில் அது 27 மைக்ரோகெல்வின் ஆகும். ராயக்கோட்டையின் தற்சுழற்சி வேகமே, கிழக்கு நோக்கிய திசையில் 4 மைக்ரோகெல்வின் மாற்றத்தைத் தரவல்லது என்பதோடு ஒப்பிட்டால் இவ்வளவீட்டின் நுண்மை விளங்கும்.

இவ்விளைவின் தனிச்சிறப்பு, அதன் அளவு தொலைவால் குறையாமை. தொலைவிலுள்ள கொத்து, அண்டம் இன்றைவிடச் சுருங்கியிருந்த காலத்தைச் சேர்ந்தது; அப்போது பின்னணிக் கதிர்வீச்சும் அதே விகிதத்தில் வெப்பமாக இருந்தது. விகித மாற்றம் அப்படியே நம்மை வந்தடைகிறது. முந்தைய பகுதியில் கண்ட தொலைவுத் தடை இங்கு இல்லை.

பெருக்கற்பலனில் மறையும் வேகம்

தொலைவுத் தடை நீங்கிய இடத்தில் வேறு தடை எழுகிறது. 5 மைக்ரோகெல்வின் என்னும் ஒரே அளவை, எலக்ட்ரான் மிகுந்து மெதுவாகச் செல்லும் கொத்தும் தரலாம். எலக்ட்ரான் குறைந்து விரைந்து செல்லும் கொத்தும் தரலாம். அளவீடு இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. மேலும், இயக்க விளைவின் நிறமாலை பின்னணிக் கதிர்வீச்சின் நிறமாலையை ஒத்ததே. ஆதலால், பின்னணியில் இயல்பாகவே உள்ள நூறு மைக்ரோகெல்வின் அளவிலான ஏற்றத்தாழ்வுகளிலிருந்து அதனை அதிர்வெண்ணைக் கொண்டு பிரிக்க இயலாது. வெப்ப விளைவையாவது பல அதிர்வெண்களில் அளந்து நீக்கலாம். இயல்பான ஏற்றத்தாழ்வை அவ்வாறு நீக்க வழியில்லை.

ஆகவே தனித்த கொத்து ஒன்றின் வேகத்தை அளப்பது அரிதினும் அரிது. ஜாக் சேயர்ஸ் குழுவினர் 2013-இல் இதனை ஒரு கொத்தில் நிறைவேற்றினர். பல கொத்துகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும் மேக்ஸ் ஜே0717 என்னும் அமைப்பில், ஓர் உட்கொத்து வினாடிக்கு 3,450 கி.மீ. வேகத்தில், 900 கி.மீ. பிழை எல்லையோடு, செல்வதாக அவர்கள் கணித்தனர். அங்கும் எலக்ட்ரான் எண்ணிக்கை எக்ஸ் கதிர்ப் பதிவுகளிலிருந்தே பெறப்பட்டது. வேகம் இயல்பைப் போல் பத்து மடங்காக இருந்தமையே அவ்வளவீட்டை இயலச் செய்தது.

இருள்பாய்வு: ஒரு கூற்றும் அதன் மறுஆய்வும்

பெருக்கற்பலனைக் கையாள்வதில் உள்ள இடர்ப்பாட்டை 2008-இல் எழுந்த ஒரு விவாதம் நன்கு காட்டுகிறது. அலெக்சாண்டர் காஷ்லின்ஸ்கி குழுவினர் டபிள்யூமேப் செயற்கைக்கோளின் வரைபடங்களில் சுமார் 700 கொத்துகளின் இடங்களை ஆராய்ந்தனர். நூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் வரையுள்ள கொத்துகள் அனைத்தும் ஒரே திசையில் வினாடிக்கு 600 முதல் 1,000 கி.மீ. வரையிலான வேகத்தில் செல்வதாக அறிவித்தனர். அதற்கு இருள்பாய்வு எனப் பெயரிட்டனர். அவ்வளவு பெரிய பரப்பில் பொதுவான இயக்கம் சில பத்துக் கி.மீ. அளவுக்கே இருக்க வேண்டும் என்பது வழக்கமான அண்டவியல் மாதிரியின் எதிர்பார்ப்பு. கூற்று உண்மையாயின், காணக்கூடிய அண்டத்தின் எல்லைக்கு அப்பாலுள்ள ஒன்றின் ஈர்ப்பைக் கருத வேண்டியிருக்கும்.

இக்கூற்றில் இரு படிகள் இருந்தன. கொத்துகளின் இடங்களில் வெப்பநிலையில் ஓர் இருமுனை வேறுபாடு உள்ளது என்பது முதற்படி. அவ்வேறுபாட்டை இத்தனை கி.மீ. வேகம் என மாற்றுவது இரண்டாம் படி. முதற்படியில், சில நூறு இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பின்னணியின் இயல்பான ஏற்றத்தாழ்வே தற்செயலாக ஓர் இருமுனையைத் தரலாம். இரண்டாம் படியில் எலக்ட்ரான் எண்ணிக்கை வேண்டும். டபிள்யூமேப்பின் மிக நுண்ணிய அலைவரிசையிலும் பிரிதிறன் சுமார் 13 பாகைத்துளி. பெரும்பாலான கொத்துகள் அதனினும் சிறியவை.

சுமார் 5 பாகைத்துளிப் பிரிதிறன் கொண்ட பிளாங்க் செயற்கைக்கோளின் குழுவினர், எக்ஸ் கதிரில் அறியப்பட்ட ஏறத்தாழ 1,750 கொத்துகளைக் கொண்டு இதனை மறுஆய்வு செய்தனர். 2014-இல் வெளிவந்த அவ்வாய்வு, பொதுவான பாய்வு எதையும் காணவில்லை. அத்தகைய பாய்வு இருப்பினும் 95 விழுக்காடு நம்பகத்தில் வினாடிக்கு 254 கி.மீ.க்கு மேற்படாது என வரையறுத்தது. கொத்துகள் நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் சராசரி வேகம் வினாடிக்கு 72 கி.மீ., பிழை 60 கி.மீ. எனவும் கண்டது, இது சுழியோடு ஒத்த முடிவாகும். பிளாங்க் குழுவின் பிழை மதிப்பீட்டை முன்னைய குழுவைச் சேர்ந்தோர் ஏற்கவில்லை. எனினும், இருள்பாய்வுக்கு ஆதரவான வலுவான சான்று அதன்பின் நிலைபெறவில்லை என்பதே துறையினரின் பொதுக்கருத்து.

இணை முறை

தனிக் கொத்தில் காண இயலாததைப் பல்லாயிரம் கொத்துகளின் இணைகளில் காணலாம். ஈர்ப்பினால் அண்மையிலுள்ள இரு கொத்துகள் சராசரியாக ஒன்றையொன்று நெருங்கும். நமக்கு அருகிலுள்ள கொத்து நம்மைவிட்டு விலகியும், அதற்கு அப்பாலுள்ள கொத்து நம்மை நோக்கியும் செல்லும். ஆகவே முன்னது அமைந்த இடம் சற்றே குளிர்ந்தும் பின்னது அமைந்த இடம் சற்றே வெப்பமாகவும் இருக்க வேண்டும். இவ்வெப்பநிலை வேறுபாட்டை எல்லா இணைகளுக்கும் கண்டு சராசரி எடுப்பதே இணை முறை.

இதன் வலிமை வேறுபாட்டில் உள்ளது. பின்னணியின் இயல்பான ஏற்றத்தாழ்வுக்கு எந்தக் கொத்து முன்னது, எந்தக் கொத்து பின்னது என்பது தெரியாது. வெப்ப விளைவுக்கும் அவ்வாறே. எனவே சராசரியில் அவை ஒன்றையொன்று ஈடுசெய்து மறைய, இயக்க விளைவு மட்டும் எஞ்சுகிறது. முந்தைய முறையைப் பாதித்த முதற்படிச் சிக்கல் இங்குப் பெரிதும் நீங்குகிறது.

சிலி நாட்டில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,190 மீட்டர் உயரத்தில் நிறுவப்பட்ட 6 மீட்டர் விட்டமுள்ள அட்டகாமா அண்டவியல் தொலைநோக்கியின் வரைபடங்களையும், ஸ்லோன் வான்தொகுப்பாய்வின் பாஸ் திட்டம் தந்த ஒளிமிகு விண்மீன்திரள்களின் இடங்களையும் இணைத்து, நிக் ஹேண்ட் முதலியோர் 2012-இல் இயக்க விளைவுக்கான முதல் வலுவான சான்றை வெளியிட்டனர். கிடைத்த குறிகை தற்செயலால் நேர்ந்திருக்கும் வாய்ப்பு 0.2 விழுக்காடு. அவர்கள் தம் கட்டுரையில் அளந்ததாகக் கூறியது இணைகளின் வேகத்தை அன்று, இணைகளின் உந்தத்தை. நிறையும் வேகமும் சேர்ந்ததே உந்தம் ஆதலின், பெருக்கற்பலனைப் பெருக்கற்பலனாகவே பெயரிட்ட நேர்மை அதில் உள்ளது. 2016-இல் தென்துருவத் தொலைநோக்கியின் வரைபடங்களையும் இருள் ஆற்றல் தொகுப்பாய்வின் கொத்துகளையும் கொண்டு பியோர்ன் சோர்கல் முதலியோர் 4.2 திட்ட விலக்க அளவில் இம்முடிவை உறுதிப்படுத்தினர்.

வேகத்தைக் கொண்டு எலக்ட்ரானை அளத்தல்

பெருக்கற்பலனில் ஒன்று தெரிந்தால் மற்றது கிடைக்கும். வேகத்தை அறிய எலக்ட்ரான் எண்ணிக்கை வேண்டும் என்னும் குறையே, வேகம் தெரிந்தால் எலக்ட்ரான்களை எண்ணலாம் என்னும் வாய்ப்பாகவும் அமைகிறது. விண்மீன்திரள்கள் பரவியுள்ள முப்பரிமாண வரைபடத்திலிருந்து, பொருள் மிகுந்த இடம் நோக்கிப் பொருள் பாயும் என்னும் கொள்கையின்படி, ஒவ்வொரு திரளின் வேகத்தையும் தோராயமாகக் கணிக்கலாம். கணித்த வேகத்தின் திசைக்கும் அளவுக்கும் ஏற்ப வெப்பநிலைகளுக்கு நிறையிட்டுக் கூட்டினால், திரள்களைச் சூழ்ந்த எலக்ட்ரான்களின் பரவல் வெளிப்படும்.

இதன் தேவை ஆழமானது. அண்டத்தின் மொத்த ஆற்றலில் சாதாரணப் பொருள் சுமார் 5 விழுக்காடு. அதிலும் விண்மீன்களாக உள்ளது சிறு பகுதியே. எஞ்சியது எங்கே என்னும் வினா நெடுங்காலம் நிலவியது. எக்ஸ் கதிர் அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது. வெப்ப விளைவு அழுத்தத்தைப் பொறுத்தது. இரண்டும் அடர்ந்த, சூடான வளிமத்தையே சிறப்பாகக் காட்டும். இயக்க விளைவு வெப்பநிலையைப் பொருட்படுத்தாது; எலக்ட்ரான் இருந்தால் போதும். திரள்களின் வெளிப்புறத்தில் மெல்லியதாய், குளிர்ந்து பரவிய வளிமத்தையும் அது காட்டும்.

2021-இல் எமானுவேல் ஷான் முதலியோர் அட்டகாமா வரைபடங்களைப் பாஸ் திரள்களோடு இணைத்து, வளிமம் இருள்பொருளைவிட அகன்று பரவியுள்ளதைக் காட்டினர். 2024-இல் பொரியானா ஹஜிஸ்கா முதலியோர் டெசி திட்டத்திற்கெனப் படப்பதிவுகளிலிருந்து தெரிவுசெய்யப்பட்ட திரள்களைக் கொண்டு 13 திட்ட விலக்க அளவில் இதனை உறுதி செய்தனர். திரள்களின் மையத்திலுள்ள கருந்துளைகளும் விண்மீன் வெடிப்புகளும் வளிமத்தை வெளியே தள்ளுவதன் வலிமை, பல கணினி உருவகங்கள் கொண்டதைவிட மிகுதி என்பது இதன் பொருள். ஈர்ப்பு வில்லை ஆய்வுகளில் அண்டப் பொருளின் கொத்துநிலை எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவாகத் தோன்றுவதை விளக்குவதிலும் இம்முடிவுக்குப் பங்குண்டு.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. இங்கு வேகம் அளக்கப்படவில்லை. வழக்கமான ஈர்ப்புக் கொள்கையைக் கொண்டு கணிக்கப்பட்டது. அதே தரவை ஈர்ப்புக் கொள்கையின் சோதனையாகவும் எலக்ட்ரான் எண்ணிக்கையின் அளவீடாகவும் ஒருங்கே கொள்ள இயலாது.

எலக்ட்ரான்களைத் தனியே எண்ணும் வழி

இரண்டையும் பிரிக்க, பின்னணிக் கதிர்வீச்சைச் சாராமல் எலக்ட்ரான்களை எண்ண வேண்டும். மேத்யூ மாதவச்சேரில் முதலியோர் 2019-இல் இதற்கு விரைவு ரேடியோ வெடிப்புகளைப் பரிந்துரைத்தனர். எலக்ட்ரான்களின் ஊடே செல்லும் ரேடியோ துடிப்பில் தாழ்ந்த அதிர்வெண்கள் தாமதமாக வந்து சேரும். அத்தாமதம் வழியிலுள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்திலும், அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் அமையும். எலக்ட்ரானின் வேகம் இதில் இடம்பெறுவதில்லை. ஆகவே, வெடிப்புகளின் தாமதங்களையும் அவற்றின் முன்னுள்ள திரள்களின் இடங்களையும் தொடர்புபடுத்தினால், இயக்க விளைவில் தேவைப்படும் காரணி தனியே கிடைக்கும்.

இவ்வியற்பியல் தமிழகத்திற்குப் புதியதன்று. 1970-இல் செயல்படத் தொடங்கிய உதகை ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டு, மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்தின் அகலாங்குக்கு ஒத்திருக்கும்படி அமைக்கப்பட்டது. அது இயங்கும் 326.5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இத்தாமதம் பெரிது. பல்சார் ஒன்றின் பாதையில் ஒரு சென்டிமீட்டர் சதுரத்திற்கு 3 இலட்சம் கோடிக் கோடிக்கும் சற்று மேற்பட்ட எலக்ட்ரான்கள் இருந்தால், மிக உயர்ந்த அதிர்வெண்ணில் வரும் துடிப்பைவிட அங்கு வந்து சேரும் துடிப்பு ஏறத்தாழ 400 மில்லிவினாடி பிந்தும். பல்சார்களின் துடிப்புகளை ஆராய்வோர் நாள்தோறும் செய்யும் இத்திருத்தமே, அண்ட அளவில் எலக்ட்ரான்களை எண்ணும் கருவியாகிறது.

வேறொரு வழியும் உண்டு. இதுவரை கூறியவை பார்வைக்கோட்டு வேகத்தை மட்டுமே தருபவை. கொத்து குறுக்கே செல்லும்போது அதன் ஈர்ப்புப் பள்ளமும் உடன் நகர்வதால், பின்னணிக் கதிர்வீச்சில் முன்புறமும் பின்புறமும் எதிரெதிரான சிறு மாற்றங்கள் தோன்றும். 1983-இல் மார்க் பர்கின்ஷாவும் ஸ்டீபன் கல்லும் கூறிய இவ்விளைவு எலக்ட்ரான்களைச் சாராது; மொத்த நிறையைச் சார்ந்தது. அங்கும் கிடைப்பது பெருக்கற்பலனே; ஆயினும் பெருக்கப்படும் காரணி வேறு. இரு பெருக்கற்பலன்களை ஒப்பிடுவது, ஒன்றை மட்டும் நம்புவதினும் உறுதியானது.

முடிவுரை

பின்னணிக் கதிர்வீச்சு அண்டம் முழுமைக்கும் பொதுவான சட்டகமாக அமைந்து, சூரியனின் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பகுதிக்கும் குறைந்த பிழையோடு தருகிறது. அங்கு நோக்கரே இயங்குவதால் இடையில் எலக்ட்ரான் தேவையில்லை. தொலைவிலுள்ள கொத்துகளைப் பொறுத்தவரை, எலக்ட்ரான்களே கண்ணாடியாக நின்று வேகத்தைக் காட்டுவதால், கண்ணாடியின் தன்மையும் அளவீட்டில் கலந்துவிடுகிறது. இருள்பாய்வு விவாதத்தில் இக்கலப்பு கூற்றின் வலுவைக் குறைத்தது. இணை முறையில் அது வெளிப்படையாக உந்தம் எனப் பெயரிடப்பட்டது. வளிமப் பரவல் ஆய்வுகளில் அதுவே தேடப்பட்ட விடையாயிற்று.

எனவே, இயக்கச் சுன்யாயேவ்–செல்டோவிச் விளைவால் பெறப்பட்டதாகக் கூறப்படும் எந்த வேகத்தையும் மதிப்பிடுகையில் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். எலக்ட்ரான் எண்ணிக்கை எங்கிருந்து பெறப்பட்டது? அது பெறப்பட்ட வழி வேகத்தைப் பற்றிய முற்கோள் எதையேனும் உள்ளடக்கியதா? பின்னணியின் இயல்பான ஏற்றத்தாழ்வு எவ்வகையில் நீக்கப்பட்டது? அட்டகாமாவில் தொடங்கியுள்ள சைமன்ஸ் வானாய்வகம் வரைபடங்களின் நுண்மையை உயர்த்தும்போதும், விரைவு ரேடியோ வெடிப்புகளின் பட்டியல் பெருகும்போதும் இவ்வினாக்களுக்கான விடைகள் கூர்மையாகும். ரேடியோ துடிப்புகளின் தாமதத்தை அளப்பதில் நீண்ட பயிற்சியுள்ள இந்திய வானியலுக்கு, எலக்ட்ரான்களை எண்ணும் அப்பகுதியில் பங்களிக்க இடம் உண்டு.